பூச்சியம் காக்கும் இடம்

'இருநூற்று ஐந்து' என்றால் சில பிள்ளைகள் 2005 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவு அல்ல; காதில் விழுந்த 200ஐயும் 5ஐயும் அடுத்தடுத்து வைக்கிறார்கள். நம் பழைய தமிழெண்ணிலும் நூற்றுக்குத் தனிக் குறி இருந்தது. ௨௱௫ என்று எழுதினார்கள். இடமே பெறுமானத்தைச் சொல்லும் முறை காதுக்கு எட்டாதது. கண்ணாலும் கையாலும் பழக வேண்டியது.

'ஒன்று, பத்து, நூறு என நிரல்களின் பெயரைப் பாடமாக்கினால் போதாதா?' எனக் கேட்கலாம். பெயர் இடத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடைக்குப் போகுமுன், பத்து ரூபாய்க் குற்றிகள் பத்தைக் கொடுத்து ஒரு நூறு ரூபாய்த் தாள் வாங்கும் விளையாட்டை வீட்டில் ஆடுங்கள். 205 ரூபாயில் நூறு இரண்டு, ஒன்று ஐந்து, பத்து எதுவுமில்லை. அதையே எண்சட்டத்தில் கோர்த்தால் நடுக்கம்பி வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையைக் காப்பதுதான் பூச்சியம்.