திறந்த நிரலுக்கு ஒரு நிலைநிதி



ஒருவரின் நினைவாக ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவை நடத்துகிறீர்கள். முதல் தொகையில் கை வைப்பதில்லை. தமிழர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரியவேண்டும் என்று நினைத்தவர்கள் 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வந்துசேர வேண்டும். கொடுத்தவர் காலமான பிறகும் விளக்கு எரிந்தது. கட்டற்ற மென்பொருளுக்கு அப்படியொரு மந்தையை நாம் இன்னும் விடவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பகிர்ந்துகொள்ள இந்த ஹைதராபாத் நகரத்துக்குத் தெரியும். 2005-இல் இங்கே தொடங்கிய ஸ்வேச்சா இயக்கம், குனு/லினக்ஸ் இயங்குதளத்தைத் தெலுங்கில் கொண்டுவந்தது. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பொறியியல் கல்லூரி மாணவர்கள். பின்னாளில் அதே இயக்கம் தெலுங்குக் கதைகளுக்கான செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை உருவாக்க முனைந்தபோது, ஆயிரக்கணக்கான மாணவர்கள் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி மின்வடிவமாக்கிக் கொடுத்தார்கள். கணினி வசதியும் தொழில்நுட்பமும் ஓஸோன்டெல் என்ற உள்ளூர் நிறுவனத்திடமிருந்து வந்தன. உழைப்பை ஒருவர், இயந்திரத்தை இன்னொருவர் என்று கொடுத்ததால்தான் வேலை நடந்தது. ஹைட்பை என்ற பைத்தான் நிரல்மொழிக் குழுவும் அப்படித்தான். ஏதாவதொரு நிறுவனம் விடுமுறை நாளில் தன் அரங்கைத் திறந்துவிடும், பேசுபவர் கூலி கேட்க மாட்டார், தேநீருக்கு யாரோ பணம் கொடுத்துவிடுவார்கள்.

மாநாட்டுக்கும் பணம் கிடைக்கிறது. பைத்தான் நிரலாளர்களின் மாநாடான பைகான் இந்தியா 2018-இலும் 2023-இலும் இந்த நகரில் கூடியது. ஸ்பான்சர்கள் வந்தார்கள், பதாகைகளில் பெயர் போட்டுக்கொண்டார்கள். அதில் தவறே இல்லை. வசதியற்ற மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வரவழைக்க முடிவது அந்தப் பணத்தால்தான். இந்தியாவில் பைத்தான் சமூகத்தை வளர்த்தவர்களில் முன்னோடியான கென்னத் கொன்சால்வஸ் நம் ஊட்டியில் வாழ்ந்தவர், 2012-இல் காலமானார். அவர் பெயரில் பைத்தான் சங்கம் ஆண்டுதோறும் ஒரு விருது வழங்குகிறது. தொண்டு செய்தவரை நினைவுகூரும் பண்பு அந்தச் சமூகத்தில் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாநாடு முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது? நிரல் நூலகம் ஒன்றைப் பராமரிப்பவர் அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் மடிக்கணினியைத் திறக்கிறார். பிழை அறிக்கைகள் வரிசையில் நிற்கின்றன. "எங்கள் வேலை நின்றுவிட்டது, உடனே சரிசெய்யுங்கள்" என்று ஒரு நிறுவன ஊழியர் எழுதியிருக்கிறார். அந்த நிறுவனம் இவருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. யாரோ அனுப்பிய திருத்தத்தை வரிவரியாகப் படித்துச் சோதித்து ஏற்க வேண்டும். இந்த வேலைக்குப் பதாகையும் இல்லை, ஸ்பான்சரும் இல்லை.

2024 மார்ச்சில் உலகமே இந்த அலட்சியத்தின் விலையைக் கொடுத்திருக்கும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒரே தன்னார்வலர்தான் தாங்கிவந்தார். அவர் மனம் ஓய்ந்திருந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கண்டு துருவியதால்தான் அது பிடிபட்டது. ஹைடெக் சிட்டியின் சர்வர்களும் இத்தகைய மென்பொருள்களின் மேல்தான் நிற்கின்றன. அந்தத் தன்னார்வலருக்குச் சம்பளத்தோடு ஒரு துணையாள் இருந்திருந்தால் முன்பின் தெரியாதவரை நம்பும் நிலை வந்திருக்காது என்றே நான் எண்ணுகிறேன்.

இது முதல் எச்சரிக்கையும் அன்று. 2014-இல் ஹார்ட்பிளீட் பிழை வெளிவந்தபோது, இணையத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்று தெரிந்தது. அறிவியல் கணக்கீடுகளுக்கு அடித்தளமான நம்பை என்ற பைத்தான் நூலகத்துக்கு நேரடி நிதி 2017-இல்தான் முதன்முறையாகக் கிடைத்தது. அதற்குள் அது பிறந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

வெளியிலிருந்து பணம் வரும் என்று காத்திருக்க முடியாது. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையே தன் நல்கைத் திட்டத்தை 2025 ஆகஸ்டில், அந்த ஆண்டுக்கான தொகை தீர்ந்துவிட்டதால், நிறுத்திவைத்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்க நினைக்கும் இந்திய அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கி 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருந்தால்தான் பதிவுக்கே விண்ணப்பிக்கலாம். சிறு குழுவுக்கு இது எட்டாது.

இங்கேயே பணம் இருக்கிறது. பெங்களூரின் ஜீரோதா நிறுவனம் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால், எவையெல்லாம் சமூகப் பணி என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் மென்பொருள் பராமரிப்புக்கென்று தனி வரி கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி ஹைதராபாத்தின் மென்பொருள் நிறுவனங்களே அரசைக் கேட்கவேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை, நாமே ஒரு நிலைநிதியைத் தொடங்கலாம். ஒரு கோடி ரூபாய் முதலுக்கு 7 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 7 லட்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 58,000 ரூபாய். விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவிட வேண்டும். மீதியில் இந்த நகரத்தில் முழுநேரப் பொறியாளர் அமைய மாட்டார். ஆனால், ஒரு பராமரிப்பாளர் பாதிநேரம் மன அமைதியோடு வேலை செய்யலாம். தெலுங்கு, தமிழ், உருது எழுத்துருக்களையும் பிழைதிருத்திகளையும் கவனிக்கும் ஒருவரிலிருந்து தொடங்கலாம். சந்தை அவற்றுக்குப் பணம் கொடுக்காது.

கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். தமிழில் கட்டற்ற மின்னூல்களும் மென்பொருளும் வளர்க்கும் கணியம் அறக்கட்டளை தன் வரவு செலவை மாத அறிக்கைகளாக வெளியிட்டிருக்கிறது, அதையே பின்பற்றலாம். பணம் கொடுத்தவருக்கு எந்த வசதியை முதலில் எழுதுவது என்று கட்டளையிடும் உரிமை கூடாது. யாருக்கு நிதி என்று முடிவுசெய்யும் தேர்வுக் குழுவில் பராமரிப்பாளர்கள் பாதிப்பேராவது இருக்கட்டும்.

அடுத்த மாநாட்டுக்கு ஸ்பான்சர் செய்ய வரும் நிறுவனங்களிடம் ஏற்பாட்டாளர்கள் ஒன்றே ஒன்று கேட்கலாம்: அரங்குக்கும் விருந்துக்கும் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை இந்த நிலைநிதியில் போட்டுவிடுங்கள்.