இரு மரைக்கால் வைத்து அளக்கலாமா?

(மருதானையில் நடைபெற்ற இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அறிஞர் அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' என்னும் நாடகத்தைப் படித்தோரின் கருத்துகள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வடிவால் நாடகமேயாயினும், அது நன்மை தீமை பற்றி நம் காலத்தில் எழுந்த நீதிக்கதை. இலங்கை வேந்தனைப் பற்றிய கதையாதலின், இலங்கையராகிய நாம் அதனைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

முதலில் அதன் பின்னணி. 1943 பெப்ரவரி 9ஆம் நாள் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவும் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளையும் சொற்போர் புரிந்தனர். மார்ச் 14ஆம் நாள் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அண்ணாவை எதிர்த்து நின்றார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிலிடலாமா என்பதே வழக்கு. 1946இல் புலவர் குழந்தை 'இராவண காவியம்' பாடினார். 1948இல் சென்னை அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் அத்தடை நீங்கிற்று. இத்தகைய சூட்டிலே பிறந்ததுதான் நீதிதேவன் மயக்கம்.

கதை இதுதான். இராவணன் இரக்கமற்ற அரக்கன் என்று முன்னரே தீர்ப்பாகிவிட்டது. அவ்வழக்கு நீதிதேவன் மன்றில் மீண்டும் விசாரணைக்கு வருகிறது. ஒரு புறம் கம்பர், மறுபுறம் இராவணன். 'இரக்கமின்மைதான் என் குற்றமெனில், ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்டு வாங்கிய துரோணர் யார்? தாயின் தலையைத் துணித்த பரசுராமர் யார்? மேனகையையும் குழந்தையையும் கைவிட்ட விசுவாமித்திரர் யார்?' என்ற பொருள்பட இராவணன் வினவுகிறான். நீதிதேவனுக்கு மயக்கம் வருகிறது!

இதைப் படித்தோர் மூவகையினர். முதல் வகையினர் சினந்தனர். காவியத்தைக் குறை கூறுவது சமயத்தைப் பழிப்பது என்றனர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் சமயமே இராவணனை ஒற்றை நிறத்தில் தீட்டவில்லை. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் இராவணனுக்கு உரியது. மலையைப் பெயர்க்க முயன்று விரலால் நசுக்குண்டவனும் அவனே. இசையால் இறைவனை உருக்கி அருள் பெற்றவனும் அவனே. தண்டனையையும் அருளையும் ஒருங்கே பெற்றவனை வெறும் அரக்கன் என்று ஒதுக்கிவிடலாமா?

இரண்டாம் வகையினர் மகிழ்ந்தனர். இராவணன் நம்மவன், ஆகவே குற்றமற்றவன் என்று முழங்கினர். இன்று அவனை உரிமை கொண்டாடுவோர் தமிழர் மட்டுமல்லர். 2019இல் விண் சென்ற இலங்கையின் முதற் செயற்கைக்கோளுக்கும் 'இராவணா-1' என்றே பெயர்! ஆயினும், நம்மவன் என்பதால் பிறன் மனைவியைக் கவர்ந்த செயல் அறமாகிவிடுமா? அசோகவனத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கண்ணீரை எந்த வழக்கறிஞர் வாதாடித் துடைப்பார்?

மூன்றாம் வகையினர் சிலரே. அவர்களே இக்கதையின் உயிரைக் கண்டவர்கள் என்பது என் துணிபு. இராவணன் விடுதலையானானா என்று அவர்கள் கேட்பதில்லை. தராசு நேரானதா என்று கேட்கிறார்கள். உழவர் பெருமக்கள் இதனை நன்கறிவர். நெல்லை வாங்கும்போது பெரிய மரைக்கால், விற்கும்போது சிறிய மரைக்கால் என்று இரண்டு வைத்திருக்கும் வணிகனை நாம் என்னவென்று அழைக்கிறோம்? முனிவர் செய்தால் தவம், அரக்கன் செய்தால் பாவம் என்பதும் அந்த வணிகனின் அளவைதானே! துரோணர் செய்ததும் பிழை, இராவணன் செய்ததும் பிழை என்று சொல்லும் துணிவையே இக்கதை நம்மிடம் கேட்கிறது.

இந்நாட்டுக் கலைஞர்கள் அத்துணிவைக் காட்டியிருக்கிறார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்த, மௌனகுருவின் 'இராவணேசன்' கூத்தாக மேடையேறிற்று. அதிலே இராவணன் தெய்வமும் அல்லன், பேயும் அல்லன். பெருமையும் பிழையும் ஒருங்கே கொண்டு வீழும் மனிதன்.

நண்பர்களே! ஏட்டிலுள்ள இராவணனை நேராக அளப்பது எளிது. நம்மை நாமே அளப்பதுதான் கடினம். 1983 ஆடி மாதத்தில் இந்தக் கொழும்பு மாநகரிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாம் அதனை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். அப்போதும் தம் வீட்டிலே தமிழரை ஒளித்துக் காத்த சிங்கள அயலவர்கள் இருந்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுதல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம்! தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு, கையில் அகப்பட்டதோடு புத்தளம் நோக்கி நடந்தார்கள். தமிழின் பெயரால், தமிழ் பேசும் மக்களுக்கே இழைக்கப்பட்ட கொடுமை அது.

1983ஐப் பேசும்போது பெரிய மரைக்காலும், 1990ஐப் பேசும்போது சிறிய மரைக்காலும் எடுப்போமாயின், நம் நீதிதேவனும் மயங்கத்தான் செய்வான். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை உலகின் முன் எடுத்துரைக்கும் தகுதி, நம்மவர் இழைத்த அநீதியை ஒளிக்காமல் உரைக்கும்போதே நமக்கு முழுமையாகக் கிட்டும். இதனால் நம் வழக்கு தளராது, வலுக்கும். தன் கட்சிக்காரனின் குறையை மறைக்கும் வழக்கறிஞரைவிட, அதை ஏற்று வாதாடுபவரையே மன்றம் நம்பும் என்பதை இங்குள்ள சட்ட அறிஞர்கள் அறிவார்கள்.

சஹிராக் கல்லூரி தலைநிமிர்ந்து நிற்கும் இந்த மருதானையிலே, தமிழ் பேசும் முஸ்லிம் அன்பர்களும் வந்தமர்ந்திருக்கும் இந்த அவையிலே, இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? அந்த நாடகத்தை வீட்டிற் படியுங்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள். இராவணன் நல்லவனா, கெட்டவனா என்று மட்டும் அவர்களைக் கேளாதீர்கள். எந்த அளவையால் அளந்து அப்படிச் சொல்கிறாய் என்றும் கேளுங்கள்.