வாவிக்கரை வெளிச்சவீடு



கலங்கரை விளக்கத்தை இலங்கைத் தமிழர் வெளிச்சவீடு என்பர். மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, பாலமீன்மடுவில், 1913-இல் எழுந்த வெளிச்சவீடு 28 மீட்டர் உயரமுடையது. இன்று அதனருகே வாவிக்கரைப் பூங்கா இருக்கிறது. பகலில் வருவோர்க்கு அக்கோபுரம் காட்சிப்பொருள். இரவுக் கடலில் கரை தேடியவர்க்கோ அதன் ஒளியே திசை.

வேங்கிக்கால் ஏரிக்கரையில் நிற்போர்க்கு 2668 அடி உயர அண்ணாமலையே கோபுரம். அதன் உச்சியிலும் கார்த்திகைதோறும் புதுத்திரியிட்டு, புதுநெய் வார்த்தே தீபம் ஏற்றுகின்றனர். சென்ற ஆண்டுச் சுடர் இவ்வாண்டுக்கு ஒளி தராது.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்திற்கு இம்மலர் ஒரு கோபுரம். அதற்கு விளக்கேற்ற வேண்டியது இனி எழுதப்படும் கவிதை. கரையிலிருப்போர் புகழ்ந்தாலும் புகழாவிட்டாலும், இருளில் வரும் முகமறியா ஒருவருக்காக அது எரிதல் வேண்டும்.