நம்ம ஊர்ப் பாதுகாப்பு வரைபடத்தை நாமே போடுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"குற்ற வரைபடம்" பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேரைக் கேட்டதும், இது போலீஸ் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோணும். விஷயம் எளிதுதான். எந்தக் குற்றம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நடந்தது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரே சாலையில் ஆறு தடவை செயின் பறிப்பு நடந்திருந்தால், அது ஆறு பெண்களோட கெட்ட நேரம் இல்லை. அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கு. விளக்கு எரியாமல் இருக்கலாம், தப்பித்து ஓட ஒரு குறுக்குப் பாதை இருக்கலாம். அதைச் சரிசெய்தால் ஏழாவது பறிப்பைத் தடுக்கலாம்.

இந்த மாதிரி ஒரு வரைபடத்தை ஒரு டாக்டரும் போட்டிருக்கிறார். 1854-இல் லண்டனில் காலரா வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், சாவு விழுந்த வீடுகளை எல்லாம் வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்பைச் சுற்றித்தான் குறிகள் குவிந்து கிடந்தன. அதோடு அவர் விடவில்லை. பக்கத்திலேயே 500 பேருக்கு மேல் இருந்த ஏழைகள் விடுதியில் ஏன் 5 பேர்தான் இறந்தார்கள் என்றும் கேட்டார். அங்கே தனிக் கிணறு இருந்தது. புள்ளி இருக்கும் இடத்தைப் போலவே, புள்ளி இல்லாத இடத்தையும் ஏன் என்று கேட்க வேண்டும்.

காவல் நிலையத்து வரைபடத்தில் புகார் வந்த இடத்துக்குத்தான் புள்ளி விழும். நம்மில் எத்தனை பேர் புகார் கொடுக்கிறோம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர். அந்த 14 பேரிலும் பெரும்பாலோர் போனது அம்மா வீட்டுக்குத்தான், ஸ்டேஷனுக்கு இல்லை. ஆக, ஒரு ஊரில் புள்ளியே இல்லை என்றால் அங்கே எல்லாம் நல்லாயிருக்கு என்று அர்த்தமில்லை. யாரும் வாய் திறக்கவில்லை என்றும் இருக்கலாம். அந்த வெற்றிடத்தை நாம்தான் நிரப்ப முடியும்.

இதைப் பெண்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1989-இல் கனடாவின் டொரொன்டோவில், பெண்கள் கூட்டமாக நடந்துபோய் எந்த இடம் பயமாக இருக்கிறது என்று குறித்தார்கள். டெல்லியில் 'ஜாகோரி' அமைப்பு அதே வேலையைச் செய்தது. 2013-இல் 'சேஃப்டிபின்' என்ற செல்போன் செயலி வந்தது. வெளிச்சம் உண்டா, நடக்கப் பாதை உண்டா, ஆள் நடமாட்டம் உண்டா, அதில் பெண்கள் உண்டா, பஸ் கிட்டத்தில் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடும். டெல்லியில் 7,000-க்கும் மேற்பட்ட இருட்டு இடங்களை அது காட்டிக்கொடுத்தது.

நமக்குச் செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோலப்பொடி போதும். புது வாழ்வுத் திட்டம் நடந்த ஊர்களில், மக்கள் நிலை ஆய்வுக்காகத் தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதே வேலைதான். விடியக்காலையில் பட்டாசுக் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிற இடம், இருட்டின பிறகு இறங்கி நடக்கிற பாதை, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிற ஓடை, டாஸ்மாக் கடை வாசல், கழிப்பறை இல்லாமல் ஒதுங்கப் போகிற காடு என்று ஒவ்வொன்றையும் குறியுங்கள். பகலுக்கு ஒரு நிறம், ராத்திரிக்கு ஒரு நிறம். வயசுப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அவர்கள் பயப்படுகிற இடம் நமக்குத் தெரியாது.

நம்ம பக்கத்துக்கென்றே இன்னொரு குறியும் வேண்டும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அவை கம்பெனிகள். அதே 2021 ஜூனில் தாயில்பட்டியில் வெடித்தது ஒரு வீடு. சின்னப் பிள்ளையும் போச்சு. உரிமம் இல்லாமல் வீட்டில் கருந்திரி பதுக்குவதும் தகரக் கொட்டகையில் பட்டாசு செய்வதும் குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தப் புள்ளியை வைக்கக் கை வராது. அது பக்கத்து வீடு, சில நேரம் நம்ம குழு உறுப்பினர் வீடு. பீஸ் கணக்குக் கூலியில்தான் அங்கே அடுப்பு எரியுது. அதனால் முதலில் குழுக் கூட்டத்தில் அந்தச் சகோதரியோடு பேசுங்கள். வேறு தொழிலுக்குக் கடன் வேண்டுமென்றால் அவளுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்குகிறபோது, பேசியும் கேட்கவில்லையென்றால் சும்மா இருக்கக் கூடாது. சொந்தக்காரி என்று பார்த்தால், வெடிக்கிற மருந்து சொந்தம் பார்க்காது.

மூன்று எச்சரிக்கை சொல்கிறேன். அடிபட்ட பெண்ணோட பேரையோ வீட்டையோ குறிக்காதீர்கள். இது இடத்தின் படம், ஆளின் படம் இல்லை. இரண்டாவது, "அந்தக் காலனியே மோசம்" என்று ஒரு தெருவுக்கோ சாதிக்கோ பேர் வைக்கிற படமாக ஆகிவிடக் கூடாது. மூன்றாவது, "பார்த்தியா, இவ்வளவு ஆபத்து இருக்கு, வீட்டிலேயே இரு" என்று பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்த இதைக் காரணம் காட்ட விடாதீர்கள். நாம் மாற்றச் சொல்வது பாதையை.

படம் போட்டதும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். நோட்டில் நகல் எடுத்து, கூட்டமைப்பின் தீர்மானத்தோடு கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் நமக்கு உண்டு. தெருவிளக்கும் கருவேலம் வெட்டுவதும் ஊராட்சி பார்க்க வேண்டிய வேலை. ரோந்துக்குக் காவல் நிலையத்தில் ஒரு நகல் கொடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்ணையும் படத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் படம் போட்டு, எந்தப் புள்ளி அழிந்தது, எது புதிதாக வந்தது என்று பாருங்கள்.

சேமிப்புக் கணக்கை மாதம் தவறாமல் ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிற கைகள் இவை. நம் பாதுகாப்புக் கணக்கையும் அப்படியே எழுதுவோம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு தெருவிலிருந்து ஆரம்பியுங்கள்.