முந்நூறாண்டுக் காவல்

அணுமின் நிலையம் தரும் மின்சாரத்தை நாம் உவந்து ஏற்கிறோம். அது விட்டுச்செல்லும் கழிவைப் பற்றி எண்ணுவோர் சிலரே. தாராப்பூர், ராவத்பாட்டா, நரோரா, காக்ராபார், கைகா ஆகிய இடங்களின் அருகே வாழும் நம்மவர்க்கு இஃது அயலார் செய்தி அன்று.

மிகக் கடுமையான கதிரியக்கம் உடைய கழிவை உருகிய கண்ணாடியில் கலந்து உறையச் செய்வர். அதனினும் குறைந்த கதிரியக்கம் உடையவற்றுள் பலவற்றைச் சிமெண்டுடன் குழைத்துப் பீப்பாய்களில் இறுக விடுவர். சிமெண்டு மலிவானது, கையாள எளியது, கதிர்களையும் ஓரளவு தடுக்கும். ஆயினும் அதன் காவலில் ஒரு குறை உண்டு.

கழிவில் உள்ள சீசியம்-137, ஸ்ட்ராண்டியம்-90 என்னும் இரண்டும் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவன. இவ்வாறு பத்து முறை பாதியானால் எஞ்சுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு 300 ஆண்டுகள் வேண்டும். போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதோ 1824-இல்தான். தன் வயதினும் நீண்ட காவலை அச்சிமெண்டிடம் நாம் ஒப்படைக்கிறோம்.

ஸ்ட்ராண்டியம் கால்சியத்துக்கு இனமானது; ஆதலின் சிமெண்டு அதை ஓரளவு பற்றிக்கொள்ளும். சீசியமோ உப்பைப்போல் நீரில் கரைந்து, நுண்துளைகளின் வழியே மெல்லக் கசியும். கழிவில் அலுமினியத் துண்டுகள் இருப்பின், சிமெண்டின் காரம் அவற்றை அரித்து ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். இறுகிய கட்டியில் விரிசல் காணவும் கூடும்.

ஆகவே அறிஞர்கள் மாற்றுச் சிமெண்டுகளை நாடினர். அனல்மின் நிலையச் சாம்பலையோ, சுட்ட வெண்களிமண்ணையோ காரச் சிலிக்கேட்டுக் கரைசலுடன் பிசைந்தால் அது கல்போல் இறுகும். இதற்கு ஜியோபாலிமர் என்று பெயர். இதனுள் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனால் பிணைந்து வலைபோல் அமைகின்றன. அவ்வலையில் அலுமினியம் நிற்கும் இடந்தோறும் எதிர்மின்னேற்றம் உண்டு. நேர்மின்னேற்றம் உடைய சீசியம் அங்கே ஈர்க்கப்பட்டுத் தங்குகிறது. ஸ்லோவாக்கியா நாட்டின் போஹுனிச்சே அணுமின் நிலையக் கழிவை இவ்வகைப் பொருளில் அடைத்திருக்கின்றனர். அலுமினியம் கலந்த கழிவுக்கோ, காரம் குறைந்த மக்னீசியம் பாஸ்பேட்டுச் சிமெண்டை ஆராய்ந்து வருகின்றனர்.

எந்தச் சிமெண்டும் கதிரியக்கத்தை அழிப்பதில்லை. அடைத்து வைப்பதே அதன் பணி. இறுகிய கட்டியை நீரில் ஊறவைத்து, வெளியேறும் அளவைக் கணக்கிட்டே அதன் தகுதியை அறிவர். மாதக்கணக்கில் நடக்கும் சோதனையைக் கொண்டு நூற்றாண்டுகளை மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஆதலின் கட்டி ஒன்றையே நம்பிவிடாமல், நீர் புகாத கான்கிரீட்டு அறைகளையும் நெடுநாள் கண்காணிப்பையும் துணைக்கு வைக்கின்றனர்.

விளக்கின் ஒளி நமக்கு. கழிவின் காவலோ நமக்குப் பின் பத்துத் தலைமுறைக்கு. அவர்கள் இன்று நம்மிடம் வந்து கேட்க இயலாது. அவர்கள் பொருட்டு நாமே கேட்பது கடமை.