தாரும் பாட்டும் தந்த காடு: பின்லாந்தின் குஹ்மோ நகரம்

பின்லாந்தின் கிழக்குப் பகுதியில், ரஷ்ய எல்லையை ஒட்டிய கைனூ வட்டாரத்தில் அமைந்திருக்கும் குஹ்மோ, ஏறத்தாழ 5,450 சதுர கிலோமீட்டர் பரப்பையும் ஏறத்தாழ 8,000 மக்களையும் கொண்ட சிறு நகராட்சியாகும். இப்பரப்பின் பெரும்பகுதி பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் ஆகிய மரங்கள் அடர்ந்த காடாகவும், எஞ்சியது ஏரியாகவும் சதுப்பு நிலமாகவும் இருப்பதால், அங்குச் செல்லும் பயணிகளுள் பலர் மனிதக் கை படாத இயற்கையைக் கண்டதாக எண்ணித் திரும்புகின்றனர். அவ்வெண்ணம் பெரிதும் தவறானது. குஹ்மோவின் காடு பல நூற்றாண்டுகளாக மனிதர் உழைத்த காடு; அவ்வுழைப்பின் தடங்களை அறியாமல் அதைப் பார்ப்பவர் பாதியையே பார்த்தவர் ஆவார்.

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து கயானி நகரம் வரை தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சாலை வழியாகக் குஹ்மோவை அடையலாம். ஊரை அடைந்தபின், காட்டுக்குள் செல்ல எவரிடமும் அனுமதி கேட்கவோ கட்டணம் செலுத்தவோ வேண்டியதில்லை. நிலம் யாருடையதாயினும், வீட்டு முற்றத்தையும் பயிர் நிலத்தையும் தவிர்த்து, அதன் வழியே நடக்கவும், பனிச்சறுக்குக் கட்டைகளில் செல்லவும், ஓரிரு இரவு கூடாரம் அடிக்கவும், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கவும் உள்ளூராருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒப்ப உரிமை உண்டு. இதை அந்நாட்டார் 'எல்லாருக்குமான உரிமை' என்ற பொருளில் வழங்குகின்றனர். ஆனால் நில உடைமையாளரின் இசைவின்றித் தீ மூட்டக் கூடாது. மரத்தை வெட்டவோ ஊறு செய்யவோ கூடாது. காட்டைத் தனி உடைமையாகவும் பொது உரிமையாகவும் ஒருங்கே வைத்துக் காக்கும் இவ்வேற்பாட்டைப் பின்லாந்து நாகரிகத்தின் உயர்ந்த கூறுகளுள் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது.

காட்டில் மனிதர் உழைத்த வரலாற்றின் தலையாய பொருள் தார். இது சாலையில் இடப்படும் கரிய பொருளன்று. பைன் மரத்தின் பிசினிலிருந்து வடிக்கப்படும் கெட்டியான எண்ணெய். மரத்தாலான பாய்மரக் கப்பல்களின் அடிப்பகுதியும் கயிறுகளும் உப்புநீரில் மட்காமல் இருக்க இத்தார் இன்றியமையாததாக இருந்தமையால், பிரிட்டன் முதலிய கடல் வல்லரசுகளின் தேவையைக் கைனூவின் உழவர்கள் நிறைவு செய்தனர். அதற்கான வேலை பல ஆண்டுகள் நீண்டது. நிற்கும் பைன் மரத்தின் பட்டையை, மரம் முற்றிலும் பட்டுப்போகாதவாறு ஒரு பக்கத்தில் கீற்றாக விட்டு, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உரிப்பர். காயம்பட்ட மரம் பிசினைச் சுரந்து அடிமரத்தில் தேக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் மரத்தை வெட்டிப் பிளந்து, நடுவில் சரியும் புனல் வடிவக் குழியில் நெருக்கமாக அடுக்கி, புற்கரணையால் மூடி, விளிம்பில் தீ வைப்பர். காற்று மிகுந்தால் விறகு கொழுந்துவிட்டு எரிந்து தார் முழுவதும் வீணாகிவிடும் என்பதால், நாட்கணக்கில் இரவும் பகலும் காவலிருந்து, தீ கனன்றுகொண்டே இருக்குமாறு பார்த்துக்கொள்வர். உருகிய தார் குழியின் நடுவிலுள்ள மரக்குழாய் வழியே பீப்பாயில் இறங்கும்.

பீப்பாய்கள் நிறைந்தபின் இன்னும் கடினமான வேலை தொடங்கியது. ஒடுங்கி நீண்ட படகுகளில் அவற்றை ஏற்றி, ஏரிகளையும் பாறைகள் நிறைந்த விரைநீரோட்டங்களையும் கடந்து, கடற்கரைத் துறைமுகமான ஓலுவுக்குக் கொண்டு சென்றனர். கயானி நகரின் இரு அருவிகளைப் படகுகள் கடப்பதற்கென்றே 1846-இல் நீர்ப்பூட்டுகளுடன் கூடிய கால்வாய் கட்டப்பட்டது என்பதிலிருந்து இவ்வாணிகத்தின் அளவை உணரலாம். இருப்பினும், மாவையும் உப்பையும் ஓலு வணிகரிடம் முன்கடனாகப் பெற்ற உழவர், தாரைக் கொடுத்தும் கடன் தீராமல் அடுத்த ஆண்டும் குழி வெட்டினர். பின்லாந்தை ஆண்ட ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டன் போரிட்ட கிரீமியப் போரின்போது, 1854-இல், பிரிட்டிஷ் கடற்படை ஓலு துறைமுகத்தின் தார்க் கிடங்குகளுக்குத் தீயிட்டது. தம் கப்பல்களுக்குத் தேவையான பொருளைத் தாமே எரித்த செயல் அது. பின்னர் இரும்புக் கப்பல்கள் பெருகவே தார்த்தொழில் தேய்ந்தது. இன்றும் கைனூவின் காடுகளில் பாசி படர்ந்த வட்டப் பள்ளங்கள் தென்படுகின்றன. அவற்றுட் பல பழைய தார்க்குழிகளே.

இதே நிலம் பின்லாந்து இலக்கியத்துக்கும் ஊற்றாக அமைந்தது. கயானியில் வட்டார மருத்துவராகப் பணியாற்றிய எலியாஸ் லொன்ரோட், எல்லைக்கு அப்பாலுள்ள வியனா கரேலியா என்னும் பகுதியின் சிற்றூர்களுக்குக் காட்டு வழியே சென்று, எழுத்தறியாத பாடகர்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி, 'கலேவாலா' என்னும் காப்பியத்தை 1835-இலும், அதன் விரிந்த வடிவத்தை 1849-இலும் வெளியிட்டார். 1834-இல் அவர் சந்தித்த அர்ஹிப்பா பெர்த்துனென் அப்பாடகர்களுள் தலைசிறந்தவர். இம்மரபைப் பேணும் யுமின்கெகோ என்னும் பண்பாட்டு மையம் குஹ்மோவில் இயங்குகிறது. 2019-இல் யுனெஸ்கோ இந்நகரை இலக்கிய நகரமாக அறிவித்தது. இலக்கியத்தோடு இசைக்கும் இங்கு இடமுண்டு. செல்லோ கலைஞர் செப்போ கிமானென் 1970-இல் தொடங்கிய அறையிசை விழா, ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் ஏறத்தாழ இரு வாரங்கள் நிகழ்கிறது. அறையிசை என்பது, இயக்குநர் இல்லாமல், ஒரு பகுதிக்கு ஒருவராகச் சிலர் மட்டும் ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டு வாசிக்கும் இசை வகையாகும். கோடை இரவு முழுமையாக இருளாத அந்நாட்களில், உலகின் பல பகுதிகளிலிருந்தும் கலைஞர்கள் இச்சிற்றூரில் ஒன்றுகூடுகின்றனர்.

எல்லை இந்நகருக்கு வாழ்வும் துயரும் தந்திருக்கிறது. 1939 நவம்பர் முதல் 1940 மார்ச் வரை சோவியத் ஒன்றியத்துடன் நடந்த குளிர்காலப் போரில், குஹ்மோ காடுகளில் பின்லாந்துப் படையினர் எதிரியின் படைப்பிரிவைத் துண்டு துண்டாகச் சூழ்ந்துகொண்டனர். எனினும் போர் முடியும் வரை அதை வீழ்த்த இயலவில்லை. பின்னாளில், 1970-களிலும் 1980-களிலும், எல்லைக்கு அப்பால் இரும்புத்தாதுச் சுரங்க நகரமான கொஸ்தமுக்ஷாவைக் கட்டியவர்கள் பின்லாந்துத் தொழிலாளர்களே. 1990-இல் இரு நாடுகளும் இணைந்து நட்புறவு இயற்கைக் காப்பகத்தை அமைத்தன. பின்லாந்தில் வேட்டையால் அற்றுப்போயிருந்த காட்டுக் கலைமான் கிழக்கிலிருந்து மீண்டும் வந்து வேரூன்றியதும் குஹ்மோ வழியாகத்தான். 2023-இன் இறுதியில் பின்லாந்து தன் கிழக்கு எல்லையை மூடியபோது, இந்நகராட்சியில் உள்ள வார்ட்டியஸ் கடவையும் மூடப்பட்டது.

இன்றைய வாழ்வும் மரத்தையே சார்ந்துள்ளது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிச் செய்யப்படும் கனத்த மரச்சுவர்கள் இங்கே உருவாகின்றன. நகரின் துப்பாலா பள்ளி அத்தகைய மரக்கட்டடம். ஆனால் மரத்துக்காக நாடெங்கும் சதுப்பு நிலங்களில் பாதிக்கு மேற்பட்டவை வடிகால் வெட்டி உலர்த்தப்பட்டன. முதிர்ந்த காடுகள் அரிதாகிவிட்டன. எஞ்சியிருக்கும் முதிர்காடுகளைக் காப்பது, அவ்வூரார் சிலருக்கு வேலை இழப்பாகத் தோன்றினாலும், தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.

குஹ்மோவுக்குச் செல்ல விரும்பும் நேயர்கள் இசைவிழாவுக்கு ஜூலையிலும், காட்டுப் பழங்களுக்கும் இலைகள் சிவக்கும் அழகுக்கும் செப்டம்பரிலும் செல்லலாம். எல்லையை ஒட்டிய பட்டையில் நுழைய முன் அனுமதி கட்டாயம் என்பதால், நடைக்குப் புறப்படுமுன் வரைபடத்தில் அதன் கோட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.