சமையல் மேடையும் கல் தூசியும்

புனே நகரில் புதிய வீட்டுக்குக் குடிபுகும் குடும்பங்கள் தம்முள் நெடுநேரம் விவாதிக்கும் செய்திகளுள் ஒன்று, சமையலறை மேடைக்கு எந்தக் கல்லைப் போடுவது என்பதாகும். மராத்தி மொழியில் இம்மேடையை 'ஓட்டா' என்பர். சென்ற தலைமுறையில் கட்டப்பட்ட பல வீடுகளில், ஆந்திர மாநிலத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வந்த கருநிறச் சுண்ணாம்புக் கல்லே ஓட்டாவாக அமைந்தது. ஊரின் பெயரே கல்லுக்குப் பெயராகி, இன்றும் அது அங்கு 'கடப்பா' என்றே வழங்குகிறது. பின்னர் தென் மாநிலங்களின் கிரானைட் வந்தது. இப்போது, குவார்ட்ஸ் பலகை என்ற பெயரில் விற்கப்படும் செயற்கைக் கல் அதற்குப் போட்டியாக நிற்கிறது.

நிறம், விலை, கறை படியாத தன்மை ஆகிய மூன்றையும் பார்த்தே கல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நான்காவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கல்லை அறுத்து, துளையிட்டு, ஓரம் மழித்துப் பொருத்தும் தொழிலாளி எதைச் சுவாசிக்கிறார் என்பதே அது. பொருத்தி முடிந்த மேடையால் சமைப்பவருக்குத் தீங்கு இல்லை. தீங்கு முழுவதும் அறுக்கும் நேரத்தில், அறுப்பவருக்கே நேர்கிறது.

தூசி செய்யும் வேலை

மணலிலும் பாறையிலும் பரவலாகக் காணப்படும் சிலிக்கா என்னும் பொருளின் படிக வடிவமே குவார்ட்ஸ். நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என்று குழந்தைகளும் அறிந்த வெண்ணிறக் கல் இதுவே. கல்லாக இருக்கும் வரை இது எவருக்கும் கேடு செய்வதில்லை. வேகமாகச் சுழலும் வைரப் பற்சக்கரம் அதன்மேல் பாயும்போது எழும் புகை போன்ற தூசியில்தான் ஆபத்து உள்ளது.

கண்ணுக்குத் தெரியும் பருமனான தூசியை மூக்கும் தொண்டையும் பெருமளவில் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்கின்றன. அங்குள்ள காவல் அணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் தாமே அழிகின்றன. அழியும் அணுக்களிலிருந்து வெளிப்படும் பொருள்களால் சுற்றிலும் அழற்சி ஏற்பட்டு, மென்மையான திசு தழும்பாக இறுகுகிறது. இந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். இறுகிய நுரையீரலை மீண்டும் இளக்கும் மருந்து இல்லை. தூசி வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். காசநோய் பற்றும் வாய்ப்பும் இவர்களுக்கு மிகுதி. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1997 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது.

சாதாரணமாக இந்நோய் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்புக்குப் பின்னரே வெளிப்படும். தூசி மிகுந்தால் ஐந்து ஆண்டுகளிலும், மிகக் கடுமையான நிலையில் சில மாதங்களிலுமே தலைகாட்டும். இருமலும் மூச்சுத் திணறலும் காசநோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், பலர் காசநோய் மருந்தையே உண்டு காலம் கழிக்கின்றனர். செய்யும் தொழில் என்ன என்று மருத்துவர் கேட்காத இடத்தில் நோயின் பெயரே தெரியாமற் போகிறது.

நம் நாட்டின் அனுபவம்

இது நமக்குப் புதிய துன்பமன்று. கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே சிலிகோசிஸ் இருப்பது 1947 ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில், பள்ளிச் சிறுவர் எழுதும் பலப்பங்களை அறுத்தோர் இளவயதிலேயே மாண்டனர். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அவர்களை ஆராய்ந்தபோது, பரிசோதிக்கப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் காணப்பட்டது. அறுக்கும் இடத்திலேயே தூசியை உறிஞ்சும் கருவிகள் அங்கு அமைக்கப்பட்டபோது தூசியின் அளவு பெரிதும் குறைந்தது. விலைமதிப்பற்ற ஒரு பாடம் இதில் அடங்கியிருக்கிறது: இந்நோயைத் தீர்க்க முடியாது, ஆனால் தடுக்க முடியும்.

குஜராத்தின் கோத்ராப் பகுதியில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களிலிருந்து பழங்குடி மக்கள் வேலைக்குச் சென்றனர். நோயுற்று ஊர் திரும்பி மாண்ட 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஆம் ஆண்டில் ஆணையிட்டது. வேலை ஒரு மாநிலத்தில், மரணம் வேறொரு மாநிலத்தில். இடம்பெயரும் தொழிலாளரின் நோய் கணக்கில் ஏறாமற் போவதற்கு இதுவே முக்கிய காரணம்.

செயற்கைக் கல்லின் வரவு

புனே நகரம் நிற்பது தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறையின்மீது. அந்நகரின் பாதாளேசுவரர் குடைவரைக் கோயில் அப்பாறையிலேயே குடையப்பட்டது. பசால்ட்டிலும் சிலிக்கா உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி பிற தனிமங்களோடு பிணைந்து கிடக்கிறது. பிணைப்பின்றித் தனித்து நிற்கும் குவார்ட்ஸ் அதில் மிகக் குறைவு. கல்லின் தீங்கை அளக்கும்போது இந்தத் தனிக் குவார்ட்ஸின் பங்கையே பார்க்க வேண்டும். சலவைக்கல்லில் அது பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. சுண்ணாம்புக் கற்களிலும் பெரும்பாலும் குறைவே. கிரானைட்டில் ஏறத்தாழ 20 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். செயற்கைக் குவார்ட்ஸ் பலகையிலோ 90 விழுக்காட்டையும் தாண்டலாம்.

பொடித்த குவார்ட்ஸை ரெசின் என்னும் பிசினோடும் நிறமிகளோடும் கலந்து, காற்றை அகற்றி, அதிர்வும் அழுத்தமும் கொடுத்து இறுக்கிச் செய்வதே இப்பலகை. இத்தாலியில் உருவான இத்தொழில்நுட்பம் பின்னர் உலகெங்கும் பரவியது. இந்தியாவும் இன்று இதனை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் நாடாக விளங்குகிறது. அழகும் உறுதியும் ஒரே சீரான நிறமும் இதற்குள்ள சிறப்புகள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இதனை உலர்ந்த நிலையில் அறுத்தவர்களின் கதி உலகை விழிக்கச் செய்தது. இஸ்ரேலில் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை மையத்துக்கு வந்து சேர்ந்த 25 கல் வெட்டுவோரைப் பற்றி 2012 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஸ்பெயினிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இளம் தொழிலாளர் பலர் நோயுற்றனர். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. இத்தகைய தடையை விதித்த முதல் நாடு அதுவே. இந்தியாவில் இத்தகைய தடை இல்லை. ஆகவே இங்கு பொறுப்பு, அறுக்கும் முறையைக் கண்காணிப்போரையும் கல்லை வாங்குவோரையும் சார்ந்து நிற்கிறது.

சட்டமும் சிறு பட்டறையும்

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்கத்தக்க நோயாக வகுத்தது. காற்றில் இருக்கலாகும் தூசிக்கும் ஒரு வரம்பு கட்டியது. அதன் சூத்திரப்படி, சுவாசிக்கத்தக்க தூசியில் குவார்ட்ஸின் விழுக்காட்டோடு 2 ஐக் கூட்டி, அத்தொகையால் 10 ஐ வகுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கலாகும் மில்லிகிராம் அளவு கிடைக்கும். தூசி முழுவதும் குவார்ட்ஸாக இருப்பின் இது ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். அமெரிக்கா 2016 இல் வகுத்த வரம்பு இதில் பாதி. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் சிலிகோசிஸ் அறிவிக்கத்தக்க நோயே.

ஆனால் ஓட்டாவுக்குக் கல் அறுபடும் இடம் பெரும்பாலும் பெரிய ஆலையன்று. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் சாலையோரப் பட்டறையாகவோ, கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையாகவோ அது இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு எல்லை வகுக்கும் சட்டத்தின் கை அங்கு எளிதில் எட்டுவதில்லை. கழுவுதொட்டிக்குத் துளை வெட்டுவதும், அடுப்புக்கு இடம் விடுவதும், ஓரத்தை உருட்டி மெருகிடுவதும் கையடக்க இயந்திரத்தால் உலர்ந்த நிலையிலேயே நடைபெறுகின்றன. மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை ஒன்றே காப்பு. அது நுண்துகளைத் தடுப்பதில்லை. உதவியாளாக நிற்கும் சிறுவனும், அடுத்த அறையில் வண்ணம் பூசுபவரும், மாலையில் தூசியைப் பெருக்கும் பெண்ணும் அதே காற்றையே சுவாசிக்கின்றனர்.

வாங்குவோர் செய்யக்கூடியது

ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் ஆய்வாளரை அனுப்ப எந்த அரசாலும் இயலாது. ஆனால் ஒவ்வொரு மேடைக்கும் பணம் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். முன்பணம் கொடுக்குமுன் அவர் கேட்கும் கேள்விக்கு வலிமை உண்டு.

முதலாவது, கல்லின் தேர்வு. தனிக் குவார்ட்ஸ் குறைந்த கல்லே தொழிலாளிக்கு நல்லது. கடப்பாவும் சலவைக்கல்லும் இவ்வகையின. எலுமிச்சைச் சாறும் புளியும் பட்டால் இவற்றின் மெருகு மங்கும் என்பது உண்மையே; உடனே துடைக்கும் பழக்கம் உடையோருக்கு அது பெருங்குறையன்று. துருப்பிடிக்காத எஃகுத் தகடு கல்லே வேண்டாத மாற்று. செயற்கைப் பலகையையே விரும்புவோர், சிலிக்காவின் விழுக்காட்டை உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தகவல் தாளில் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். குறைந்த சிலிக்கா என்ற விளம்பரச் சொல் மட்டும் போதாது.

இரண்டாவது, அறுக்கும் முறை. கழுவுதொட்டியையும் அடுப்பையும் முன்னதாகவே வாங்கி அளவைக் கொடுத்துவிட்டால், எல்லா வெட்டையும் பட்டறையிலேயே தண்ணீர் பாயும் இயந்திரத்தில் முடிக்கலாம். வீட்டில் உலர் வெட்டு கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தவிர்க்க முடியாத சிறு வெட்டுக்கும் தண்ணீரோ தூசி உறிஞ்சியோ இருத்தல் வேண்டும். தண்ணீரோடு வழியும் கல் சேற்றை உலர விட்டால் அது மீண்டும் தூசியாகும். ஈரத்திலேயே வழித்து அகற்ற வேண்டும். உலர்ந்த துடைப்பமும், உடையின்மீது காற்றைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் விலக்கத்தக்கவை. முகக்கவசம் கடைசிக் காப்பே. அது தண்ணீருக்கு மாற்றாகாது.

மூன்றாவது, தொழிலாளியின் பதிவு. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா, ஆண்டுக்கொருமுறை மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறதா என்று ஒப்பந்தக்காரரைக் கேட்கலாம். எங்கு, எத்தனை காலம், யாரிடம் வேலை செய்தார் என்பதற்குச் சான்று இல்லாமையால்தான் பிற்காலத்தில் இழப்பீடு கிடைப்பது அரிதாகிறது. நோயாளிகளைச் சான்றளித்து உதவித்தொகை வழங்கும் கொள்கையை 2019 இல் ராஜஸ்தான் அரசு வகுத்தது. கல் தொழில் மிகுந்த பிற மாநிலங்களும் இவ்வழியை ஆராய்வது நன்று.

இவற்றால் செலவு சற்றுக் கூடும். தண்ணீர் பாயும் இயந்திரத்துக்கும், வடிகால் அமைப்புக்கும், கூடுதல் நேரத்துக்கும் பட்டறைக்காரர் முதலிட வேண்டும். அந்தச் செலவை அவர்மீது மட்டும் சுமத்தினால், மலிவாக உலர்ந்து அறுக்கும் அடுத்த கடையே பிழைக்கும். ஆகவே சிறு பட்டறைகளுக்கு இக்கருவிகள் வாங்க எளிய கடன் வசதியும், கல் தச்சருக்குப் பயிற்சியும் சேர்ந்தே வர வேண்டும். வீட்டுவசதிச் சங்கங்களும் கட்டடக் கலைஞர்களும் தங்கள் ஒப்பந்த விதிகளில் ஈர வெட்டை ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால், ஒரே கட்டடத்தில் நூறு மேடைகளுக்கு ஒருசேர விதி அமைந்துவிடும்.

புனேயில் ஓர் ஓட்டா பொருத்தப்பட்ட பின் முப்பது ஆண்டுகள் நிலைக்கும். அதனை அறுத்த இளைஞரும் அந்த முப்பது ஆண்டுகளைத் தம் குடும்பத்தோடு வாழ வேண்டியவர். கல்லைத் தேர்ந்தெடுக்கும் நாளில், அறுக்கும் இடத்தில் தண்ணீர் உண்டா என்று கேட்பது ஒவ்வொரு இல்லத்தாரின் கடமையாகும்.